டோமாஜி பாவு காலில் விழுந்த நாட்கள்

இந்தோரா பேட்டையில் யாரைக் கேட்டாலும் டோமாஜி புல்ஜலே பெரிய மனிதர் என்று சொல்வார்கள். அவரையே கேட்டால் இன்னும் உறுதியாகச் சொல்வார். இந்த நாட்டில் அணைந்துபோன புத்த தம்மத்தை மறுபடி ஏற்றி வைத்தவர்கள் இரண்டே பேர் என்பது அவர் எண்ணம். ஒருவர் பாபாசாகேப். மற்றவர் யாரென்று அவர் வாயால் சொல்ல மாட்டார். நாம் சொல்லட்டும் என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால் என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது.

என் பெயர் மந்தா. நகராட்சிப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு வாய் அதிகம் என்று எந்தத் தலைமை ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். சாயங்காலங்களில் டோமாஜி பாவுவின் (பாவு என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்) மாணவர் விடுதிக்குப் போய்ப் பையன்களுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். டோமாஜி பாவுவின் விடுதி என்று எழுதும்போதே கை கூசுகிறது. அது அவருடையது இல்லை. காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து படிக்க வந்து, நாக்பூரில் ரயிலடியிலும் விகாரை வாசலிலும் படுத்துக் கிடந்த நம் பையன்களைப் பார்த்துவிட்டு எங்கள் பேட்டைப் பெண்கள் தொடங்கியது. உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி சாக்குப் பையோடு வந்து வாங்கிக்கொண்டு போவாள். அந்தப் பிடியரிசியை வடித்துத்தான் பையன்களுக்குச் சோறு போட்டார்கள். பழைய நூல் கிடங்கில் மூன்று அறை, தரையில் பாய், ஒரு குழாய். அங்கிருந்து படித்துப் போனவர்கள் வக்கீலாகவும் வாத்தியாராகவும் இருக்கிறார்கள்.

இதில் டோமாஜி பாவு எங்கே வந்தார் என்று கேட்பீர்கள். அவர் ஒரு அரசு அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தார். ஜனங்கள் கொண்டுவந்த புகாரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. ஓய்வு பெற்ற மறு மாதமே வீட்டில் அவருடைய சவடாலைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. மருமகள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். விடுதிப் பெண்களுக்கு அப்போது யாராவது ஒரு ஆண் கையெழுத்துப் போட்டு, நாலு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. இவரிடம் ஒரு டைப்ரைட்டரும் ஒரு ஸ்கூட்டரும் இருந்தன. அந்த இரண்டு தகுதியில் தலைவர் ஆனார்.

தலைவர் ஆனதும் முதல் வேலையாகப் பெயர்ப் பலகை வைத்தார். 'அகில பாரத பௌத்த மறுமலர்ச்சி மாணவர் இல்லம்.' பலகை கிடங்கின் வாசலைவிட அகலமாக இருந்ததால் இரண்டு ஜன்னல்களை மறைத்துவிட்டது. உள்ளே காற்று வராமல் பையன்கள் வெந்தார்கள். அடுத்து வாசலில் ஒரு கல் பதித்தார். 'சீவரம் தரித்த எவருக்கும் இவ்வில்லத்தின் கதவு என்றும் அடைபடாது' என்று அதில் செதுக்கி, கீழே தன் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டார். சீவரம் என்னும் காவியுடை தரித்தவர் என்று பார்த்தால் பக்கத்து விகாரையில் இருந்த வயதான பந்தே, அதாவது பிக்கு, ஒருவர்தான். துறவி ஆவதற்கு முன்னால் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். அவருக்குச் சொந்தக் கதவு இருந்தது.

பிறகு தைவானிலிருந்து ஒரு பௌத்த சங்கத்தார் வந்தார்கள். நல்ல மனிதர்கள். புத்தரின் சொந்த நாட்டில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று பாடப்புத்தகமும் கட்டிலும் வாங்கிக் கொடுத்தார்கள். போகும்போது அவர்களுடைய தலைவி, தலையெல்லாம் நரைத்த அம்மாள், சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "இங்கே இளம் பிக்குகள் யாரும் இல்லையா?" அவ்வளவுதான். டோமாஜி பாவுவுக்கு அன்றைக்குப் பிடித்தது பித்து.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு மொட்டையடித்து, சில நாட்கள் சீவரம் உடுத்தி இளம் பிக்குவாக வைப்பது எங்களிடம் உள்ள வழக்கம்தான். நான் குறை சொல்ல மாட்டேன். என் மகனும் இருந்திருக்கிறான். நடுப்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது, பெண்களைத் தொடக் கூடாது, பாட்டு கூத்து கிடையாது. சீவரம் உடம்பில் இருக்கும்வரை பெற்ற தாயே வந்தாலும் பிள்ளையின் காலில் விழுந்து கும்பிட வேண்டும். முதல் தடவை அப்படி விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அது பிள்ளையும் பெற்றவர்களும் விரும்பிச் செய்வது. டோமாஜி பாவு அதைச் சட்டமாக்கினார். தைவான்காரர்கள் புத்த பூர்ணிமைக்கு முந்தின நாள் வருகிறார்கள், அன்றைக்கு விடுதியில் ஒரு தலையிலும் முடி இருக்கக் கூடாது, முடி இருக்கிற தலைக்கு விடுதியில் இடம் இல்லை என்று அறிவித்தார்.

அந்தப் பையன்களில் ஒருவன் நாகசேன் உர்குடே. குர்கேடாவுக்கு அப்பால் காட்டோரத்து ஊர். அப்பன் இல்லை. தாய் சேவந்தா வெயில் காலத்தில் பீடியிலை பறிக்கக் காட்டுக்குள் போகிறவள். பையனுக்கு மருந்தாளுநர் படிப்புக்குப் போக வேண்டும் என்று ஒரே வெறி. என் வகுப்பில் அவன் கேட்கும் கேள்விகளுக்கு நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். நுழைவுத் தேர்வு இரண்டு தாள். முதல் தாள் சரியாகத் தைவான்காரர்கள் வருகிற அன்றைக்கு, இரண்டாம் தாள் அதற்கு அடுத்த வாரம். ஒன்று தவறினாலும் அந்த வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் காத்திருக்க அவன் தாயால் முடியாது. செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுவாள், அவளுக்கும் வேறு வழி இல்லை.

அவன் டோமாஜி பாவுவிடம் போனபோது நானும் அங்கே இருந்தேன்.

"பாவு, அன்னிக்கு எனக்குப் பரிட்சை."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு. ஆனா பன்னெண்டரைக்குள்ள உள்ள போயிடணும். அப்புறம் கேட்டைச் சாத்திடுவாங்க."

"விருந்தாளிங்க பத்துக்கு வராங்க. பதினொண்ணுக்கு உங்களுக்கு அன்னதானம். பதினொன்றரைக்கு வேன்ல ஏத்தி அனுப்பிடறேன். போதுமாடா?"

"லேட்டாச்சுன்னா, பாவு?"

"தைவான்காரங்கடா! நம்மாளுங்க மாதிரி லேட்டா வரதுக்கு அவங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அவனை மட்டும் விட்டுடுங்களேன் பாவு. ஒரு மொட்டை குறைஞ்சா தம்மம் செத்தா போயிடும்?"

"மந்தாபாய், நீங்க சயின்ஸ் டீச்சர். உங்களுக்கு இது புரியாது. பரிட்சை அடுத்த வருஷமும் வரும். இவங்க வருவாங்களா?"

கல்வியால் பௌத்தத்தை உயிர்ப்பிக்கிறவர் பேசுகிற பேச்சு இது! அவருடைய தலைக்கு மேலே, படி என்று சொன்ன பாபாசாகேபின் படம் மாட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று இருந்தது. நாகசேன் போய்த் தலையைக் கொடுத்தான். இரண்டாம் தாள்வரை தங்க அவனுக்கு அந்தக் கட்டிலைவிட்டால் வேறு இடம் இல்லை.

அன்றைக்கு வெயில் எங்கள் ஊருக்கே உரிய வெயில். பந்தலுக்குக் கீழே இளம் பிக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத் தலையில் வேர்வை வழிகிறது. தைவான்காரர்கள் பத்து மணி அடிக்கும்போது வந்து இறங்கினார்கள். அவர்கள் தாமதிக்கவில்லை. தாமதித்தது நம் டோமாஜி பாவுதான். நேராக விடுதிக்கு அழைத்து வராமல் அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டு மாடியில் தான் கட்டுகிற தியான அறையைக் காட்டினார். அது மகனுக்குக் கட்டுகிற படுக்கையறை என்று பேட்டைக்கே தெரியும். மருமகள் கையால் அவல் போஹாவும் டீயும் கொடுத்தார். பிறகு தன் வாழ்க்கை வரலாற்றைச் சொன்னார். விடுதிக்கு வந்து சேரும்போது பதினொன்றரை தாண்டிவிட்டது. வந்ததும் அன்னதானத்தையாவது தொடங்க விட்டாரா? மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் வருஷ இருட்டில் ஒரு விளக்கு என்று ஆரம்பித்தார். வேன் ஓட்டுநரை ஐஸ் வாங்க அனுப்பியிருந்தார். வேன் போனது போனதுதான்.

வரிசையில் முதலாவதாக நாகசேனை உட்கார வைத்திருந்தார்கள். நன்றாகப் படிக்கிறவன், நாலு வார்த்தை தம்மம் பேசட்டும் என்று டோமாஜி பாவுவே எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்திருந்தார். அதில் பாதி டோமாஜி பாவுவைப் பற்றியது. நாகசேனின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. நான் என் கைப்பையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பேச்சு முடிந்தது. புகைப்படக்காரனைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, தலைவர் பட்டு அங்கியைச் சரிசெய்துகொண்டு வந்து, நாகசேனின் முன்னால் முழங்காலிட்டு, நெற்றி தரையில் படும்படி மூன்று முறை கும்பிட்டார். படம் சரியாக விழவில்லை என்று நாலாவது முறையும் கும்பிட்டார். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "பந்தே, பாமரர்களான எங்களுக்குத் தம்ம உபதேசம் செய்து அருள வேண்டும்" என்றார்.

நாகசேன் அவரைப் பார்த்து, இல்லறத்தாரைப் பிக்கு கூப்பிடுகிற முறைப்படியே கூப்பிட்டான். "உபாசகரே, எழுந்திருங்க. எனக்குப் பரிட்சைக்கு நேரமாச்சு. போக வழி பண்ணுங்க" என்றான்.

டோமாஜி பாவுவின் முகத்தில் ஈயாடவில்லை. முழங்காலிட்டபடியே, "டேய், எழுதிக் குடுத்ததைச் சொல்லுடா" என்று பல்லைக் கடித்தார். அவர் 'டேய்' என்றது மைக்கில் கேட்டுவிட்டது. சீவரம் உடுத்தியவரை டேய் என்றதும் பேட்டைப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் "அய்யய்யோ" என்றார்கள். மொழிபெயர்க்க டெல்லியிலிருந்து வந்திருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நரைத்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் உடனே எழுந்து நின்று கையைக் கூப்பினாள். அவள் எழுந்ததும் அவர்கள் கூட்டம் முழுவதும் எழுந்தது. இனி அவனைத் தடுக்க யாருக்கு வாய் வரும்?

"வாடா, என் ஸ்கூட்டி இருக்கு" என்று நான் சாவியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. சீவரத்தில் இருக்கிறவன் ஒரு பெண்ணின் பின்னால் தொட்டுக்கொண்டு எப்படி உட்காருவான்? பையனும் தயங்கி நின்றான். அப்போதுதான் எங்கள் வயதான பந்தே வாயைத் திறந்தார்.

"உபாசகர் டோமாஜி. உங்க ஸ்கூட்டர் வெளிய நிழல்லதான நிக்குது?"

"நிக்குது பந்தே. ஆனா விருந்தாளிங்க…"

"ஒரே ஒரு சீட்டுதான் கேக்கறேன். ஏத்திக்கிட்டுப் போங்க. புண்ணியம்."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வார்? உச்சி வெயிலில், பட்டு அங்கியோடு, கழுத்தில் போட்ட மாலையைக்கூடக் கழற்ற நேரமில்லாமல் ஸ்கூட்டரை உதைத்தார். பின்னால் மொட்டைத் தலையோடு, சாப்பிடாமல், இளம் பிக்கு. தைவான்காரர்கள் இந்தக் காட்சியை ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். வழி முழுக்க டோமாஜி பாவு திட்டிக்கொண்டே போனாராம். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் ஜெய் பீம் பந்தே என்று கும்பிட்டதும் திட்டை நிறுத்திக்கொண்டாராம். தேர்வு மையத்து வாசலில் காவலாளி நுழைவுச் சீட்டில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, இதில் முடி இருக்கிறதே என்று மறித்திருக்கிறான். "நான் தலைவர், நான் சொல்றேன், இது அவன்தான்" என்று இவர் கத்த, "மாலையோட வந்து நிக்கறீங்களே, உங்களுக்கும் பரிட்சையா?" என்று அவன் கேட்டிருக்கிறான். கடைசியில் கட்டைவிரல் ரேகை பொருந்தியது. கதவு சாத்துகிற நேரத்தில் நாகசேன் உள்ளே போய்விட்டான்.

டோமாஜி பாவு திரும்பி வந்தபோது விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்து, பேட்டைப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பிடியரிசி டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை யாரும் தேடவில்லை. அதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே, பூர்ணிமை முடிந்து சீவரம் களைந்ததும் நாகசேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே பழகிய குமாஸ்தா வேறென்ன செய்வார்? இரண்டாம் தாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வரப் பஸ்ஸுக்கே நாள் கணக்காகும். என் வீட்டில் வந்து இரு என்று கூப்பிட்டேன். "உங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காங்க மேடம், ஒரு ரூம்தான இருக்கு" என்றான். உண்மைதான்.

பூர்ணிமை முடிந்து மற்ற பையன்கள் வரிசையாகப் போய்ச் சீவரத்தைக் களைந்து ஜீன்ஸுக்குள் நுழைந்தார்கள். நாகசேன் மட்டும் பந்தேயின் முன்னால் உட்கார்ந்தே இருந்தான்.

"நீ களையலையா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் பந்தே."

"தம்மத்துக்காகக் கேக்கறியா, கட்டிலுக்காகக் கேக்கறியா?"

"கட்டிலுக்காகத்தான்."

"பொய் சொல்லல. சரி, இரு" என்றார் பந்தே.

மறுநாள் காலை டோமாஜி பாவு பெட்டியைத் தூக்கி எறிய வந்தார். கட்டிலில் சீவரத்தோடு பிக்கு உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் அவரே பதித்த கல். அதைச் சுற்றிப் பேட்டைப் பெண்கள், கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. இளம் பிக்குவுக்குக் காலை உணவு கொடுக்க வந்திருந்தார்கள். டோமாஜி பாவு என்ன செய்கிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் முழங்காலிட்டுக் கும்பிட்டார். பிறகு எழுந்து நேராகப் பந்தேயிடம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் விடுவேனா?

"பந்தே, அவன் சீவரத்தை உரிச்சு அனுப்புங்க!"

"என்ன தப்பு பண்ணினான்? பத்து சீலம் இருக்கு. எதை மீறினான்னு சொல்லுங்க, பார்ப்போம்."

டோமாஜி பாவு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கொலை. இல்லை. திருட்டு. இல்லை. பொய். அதுவும் இல்லை. கள், சாராயம். பையன் டீகூடக் குடிக்க மாட்டான். அகாலத்தில் சாப்பிடுவது, ஆட்டம் பாட்டு, பூமாலை, உயர்ந்த படுக்கை என்று போய்க்கொண்டே இருந்தார். விரல் தீர்ந்துவிட்டது.

"பரிட்சை எழுதக் கூடாதுன்னு அதுல எங்கயும் இல்லையே, உபாசகரே" என்றார் பந்தே.

"என்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தினான்!"

"அதுக்குச் சீலம் எதுவும் சொல்லி வைக்கல. புத்தர் மறந்துட்டார் போல."

அடுத்த நாளிலிருந்து அது பேட்டைக்கே வேடிக்கையானது. காலையில் தலைவர் விடுதிக்கு வருகிற நேரம் பார்த்துக் கூட்டம் கூடும். விழுந்து கும்பிடாமல் உள்ளே போனால் விஷயம் ஊரெல்லாம் பரவும். கும்பிட்டுவிட்டுப் போனால் முழங்கால் வலிக்கும். நாகசேன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, சுகமாக இருங்கள் என்று கை தூக்குவான். இதைப் பார்த்த மற்றப் பையன்கள், தலைவரின் திட்டிலிருந்து தப்பிக்க இதுதான் வழி என்று கூட்டமாகப் பந்தேயிடம் போய்ச் சீவரம் கேட்டார்கள். ராத்திரிச் சோறு கிடையாது என்று அவர் ஞாபகப்படுத்தினார். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். மூன்று பேர் மட்டும் நின்றார்கள். ஆக மறுநாள் டோமாஜி பாவு நாலு பேர் காலில் விழ வேண்டியிருந்தது. விடுதி நிறைய இளம் பிக்குகள் வேண்டும் என்று கேட்டவர் அவர்தானே?

சிரித்தோம் என்பது உண்மை. ஆனால் நாகசேனுக்கு அது சிரிப்பாக இல்லை. மதியத்துக்குமேல் பட்டினி. நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த மாங்காய்ப் பானகத்தைக் குடித்துவிட்டு, வெயில் தகிக்கிற அறையில் படிப்பான். கன்னம் ஒட்டிப்போயிற்று. என் கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். முதல் தாள் எப்படி எழுதினாய் என்று அந்தத் தலைவர் ஒரு நாளாவது கேட்டாரா? கேட்கவில்லை. கும்பிட்டதோடு சரி.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நான் கடைசியாகச் சொல்ல நினைப்பது வேறு. நாகசேனுக்கு அமராவதியில் இடம் கிடைத்தது. இன்று கட்சிரோலியில் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறான். டோமாஜி பாவு இன்னும் தலைவர்தான். தைவான்காரர்கள் கட்டிக் கொடுத்த இரண்டு புது அறைகளிலும் அவருடைய பெயர் இருக்கிறது. ஸ்கூட்டரில் இளம் பிக்குவோடு போகிற படத்தைப் பெரிதாக்கி மாட்டி, 'மாணவரின் தேர்வுக்காகத் தலைவரின் தியாகப் பயணம்' என்று கீழே எழுதி வைத்திருக்கிறார். யாராவது கேட்டால் கண் கலங்கவும் செய்கிறார்.

இரண்டாம் தாள் அன்று காலை சேவந்தா வந்து சேர்ந்தாள். காட்டிலிருந்து நேராக வந்தவள். கையெல்லாம் இலைக் கறை, தலையில் ஒரு மூட்டை. மகன் மொட்டையடித்திருக்கிறான் என்று தெரியும், இன்னும் சீவரத்தில் இருக்கிறான் என்பது தெரியாது. விடுதி வாசலில் அவன் பரிட்சைக்குக் கிளம்பி நிற்கும்போது பார்த்தாள். மூட்டையை இறக்கினாள். அவனுடைய ஒட்டிய கன்னத்தையும் எலும்பு தெரிகிற தோளையும் பார்த்தாள். பிறகு சூடான தார் ரோட்டிலேயே முழங்காலிட்டு மூன்று முறை கும்பிட்டாள். அவன் மரம் மாதிரி நின்றான். தூக்கிவிடக் கை நீள்வதும் நிற்பதும் எனக்குத் தெரிந்தது. தொடக் கூடாதே. ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

சேவந்தா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மேடம், இதை எப்பக் கழட்டுவான்?"

"இன்னிக்குச் சாயந்தரம்."

"கழட்டட்டும்" என்றாள். சொன்ன தொனி எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மாலையில் விகாரை வாசலில் டோமாஜி பாவு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நாகசேனின் தகரப் பெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நன்றாக நீட்டி வைத்திருந்தார். சீவரம் களைந்து வெளியே வருகிறவன் முதலில் தன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாக வேண்டும், அப்புறம்தான் பெட்டி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். பேட்டை முழுக்கக் கூடியிருந்தது. உள்ளே பந்தேயின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நாகசேன் பழைய சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

சேவந்தா குறுக்கே புகுந்தாள். முதலில் அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். "சோறு திங்காம யாருக்குடா காட்டிக்கிட்டு நின்ன? எலும்பும் தோலுமா ஆயிட்டியேடா!" என்று இன்னொன்று வைத்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அடி. பிறகு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதாள். அவனும் அழுதான். அழுது முடித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள்தான் அதைக் கேட்டாள்.

"பரிட்சை எப்படிடா எழுதின?"

"நல்லா எழுதினேன் ஆயி. ரெண்டும் நல்லா எழுதினேன்."

அவளுக்கு முகம் மலர்ந்தது. அந்த மகிழ்ச்சியோடு திரும்பினாள். நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது; பரிட்சை நாளில் கலங்க வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை. மகனுக்கு இத்தனை நாள் சோறும் இடமும் கொடுத்த மகராசன் இவர்தான் என்று நினைத்துக்கொண்டாள். "உங்க புண்ணியம் பாவு" என்று சொல்லிக்கொண்டே அந்த நீட்டிய கால்களை நோக்கிக் குனிந்தாள்.

நாகசேன் ஒரே எட்டில் போய் அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினான்.

"வேணாம் ஆயி. காலைல என் கால்ல விழுந்த பாரு, அதுவே கடைசியா இருக்கட்டும். இனிமே நீ யார் கால்லயும் விழக் கூடாது."

பெட்டியை அவனே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். பேட்டைப் பெண்கள் வழி விட்டார்கள். டோமாஜி பாவு மெல்லக் காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.